விமானி வேலையில் சேரும் வயது

ஐக்கிய அமெரிக்காவில், பெரிய விமான நிறுவனங்களின் பெயரையும் வண்ணத்தையும் தாங்கிக்கொண்டு, ஐம்பது முதல் எழுபத்தாறு இருக்கைகள் கொண்ட சிறு விமானங்களில் சிற்றூர்ப் பயணிகளைத் திரட்டிப் பெருநகர் நிலையங்களில் கொண்டு சேர்க்கும் நிறுவனங்கள் பல உண்டு. அவற்றை வட்டார விமான நிறுவனங்கள் என்பர். ஸ்கைவெஸ்ட், ரிப்பப்ளிக், என்வாய், பீட்மாண்ட் என்பன அவற்றுட் சில. விமானித் தொழிலுக்கு அவையே நெடுங்காலமாகத் தலைவாசலாக இருந்து வருகின்றன. அவ்வாசலில் புதிதாக வந்து நிற்பவருக்கு வயது எவ்வளவு இருக்கும் என்று கேட்டால், இருபத்துமூன்று என்றும் சொல்லலாம். முப்பத்தைந்து என்றும் சொல்லலாம். ஐம்பதைக் கடந்தவரும் உண்டு என்றும் சொல்லலாம். கடைநிலை வேலை ஒன்றுக்கு ஆள் எடுக்கும் வயது இத்தனை அகலமாக விரிந்து கிடப்பது வேறு தொழில்களில் அரிது. இது எவ்வாறு வந்தது என ஆராயப் புகுந்தால், நூறாண்டுக் காலத்து அமெரிக்க வான்போக்குவரத்தின் வரலாறே அதனுள் அடங்கிக் கிடக்கக் காணலாம்.

மூப்புப் பட்டியல்

வயதைப் பற்றிப் பேசுமுன் பணிமூப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க விமானி ஒருவர் வேலையில் சேரும் நாளில் அவருக்கு ஓர் எண் கிடைக்கிறது. எந்த விமானத்தை ஓட்டுவது, எந்த ஊரில் தங்கியிருப்பது, தீபாவளியோ கிறிஸ்துமஸோ வீட்டில் இருக்க முடியுமா, துணை விமானி என்னும் நிலையிலிருந்து தலைமை விமானியாக எப்போது உயர்வது என்பவை யாவும் அந்த எண்ணைப் பொறுத்தவை. ஊதியமும் சேர்ந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். திறமைக்கும் அனுபவத்துக்கும் அதில் இடம் மிகக் குறைவு. இருபதாயிரம் மணி நேரம் பறந்தவரானாலும் வேறொரு நிறுவனத்துக்கு மாறினால் அங்கே பட்டியலின் அடியில்தான் போய் நிற்க வேண்டும். இருபதாண்டு பணியாற்றிய தலைமையாசிரியர் வேறு பள்ளிக்கு மாறினால் மறுபடியும் பயிற்சி ஆசிரியராகத்தான் தொடங்க வேண்டுமென்று யாரேனும் விதித்தால் ஊர் சிரிக்கும். விமானிகள் உலகில் அதுவே விதி.

ஆகவே, சேரும் வயது என்பது அங்கே வெறும் எண் அன்று. ஓய்வு வயது சட்டத்தால் நிலைநிறுத்தப்பட்டிருப்பதால், எந்த வயதில் சேர்ந்தார் என்பதே ஒருவர் வாழ்நாளில் எவ்வளவு ஈட்டுவார், தலைமை இருக்கையில் எத்தனை ஆண்டு அமர்வார் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

அஞ்சல் விமானங்களின் காலம்

தொடக்கத்தில் இது இளைஞர் தொழில். 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசாங்கம் அஞ்சல் சுமக்கும் ஒப்பந்தங்களைத் தனியாரிடம் கொடுத்தபோது, சிறு நிறுவனங்கள் காளான்கள்போல் முளைத்தன. செயின்ட் லூயிஸ் நகருக்கும் சிகாகோவுக்கும் இடையே அஞ்சல் விமானம் ஓட்டத் தொடங்கியபோது சார்லஸ் லின்ட்பர்க்குக்கு வயது 24. மறு ஆண்டு, 1927 மே மாதத்தில், அவரே தன்னந்தனியாக அட்லாண்டிக் கடலைக் கடந்து உலகப் புகழ் பெற்றார். அக்காலத்து விமானிகளில் பலர் நாற்பதைக் காணாமலே மாண்டனர். எனவே ஓய்வு வயதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை.

வயது பொருத்தமாக இருந்தும் வாசல் திறவாதோரும் இருந்தனர். சென்ட்ரல் ஏர்லைன்ஸ் என்னும் சிறு வட்டார நிறுவனம் 1934 டிசம்பரில் ஹெலன் ரிச்சி என்ற பெண்ணைத் துணை விமானியாக எடுத்துக்கொண்டது. அவருக்கு வயது 25, திறமையில் குறைவில்லை. ஆனால் விமானிகள் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. மோசமான வானிலையில் அவரைப் பறக்கவிடலாகாது என்ற பேச்சும் எழுந்தது. ஓராண்டு நிறைவதற்குள் அவர் வேலையை விட்டு விலகினார். அதன்பின் ஒழுங்கான கால அட்டவணைப்படி பறக்கும் நிறுவனம் ஒன்றில் ஒரு பெண் நிலையாக அமர்வதற்கு 1973 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஃபிராண்டியர் நிறுவனத்தில் சேர்ந்த எமிலி ஹோவெல்லுக்கு அப்போது வயது 33. பல ஆண்டுகள் டென்வர் நகரில் பறக்கும் பயிற்சி ஆசிரியையாக இருந்தவர் அவர். அவரிடம் பாடம் கற்ற ஆடவர் ஒருவர்பின் ஒருவராக விமான நிறுவனங்களில் இடம் பெற்றுச் சென்றதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பின விமானியான மார்லன் கிரீன் கதையும் இத்தகையதே. விமானப் படையில் பறந்த அவர் 1957-இல் கான்டினென்டல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தபோது வயது 28. வழக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த நீதிமன்றம்வரை சென்று 1963-இல் வென்றது. அவர் அந்நிறுவனத்தில் சேர்ந்தது 1965-இல். அப்போது வயது 35. மூப்புப் பட்டியல் ஆளும் தொழிலில் ஏழாண்டு என்பது சிறு இழப்பன்று.

போர் தந்த இளைஞர்

இரண்டாம் உலகப் போர் விமானிகளை ஆயிரக்கணக்கில் உண்டாக்கியது. போருக்கு முன்பே, 18 முதல் 25 வயது வரையிலான கல்லூரி மாணவருக்குப் பறக்கக் கற்பிக்கும் திட்டம் ஒன்றை அரசாங்கம் தொடங்கியிருந்தது. போரில் இறங்கியதும் தரைப்படையின் விமானப் பிரிவு, கல்லூரிப் படிப்பு வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கிப் பதினெட்டு வயதினரையும் சேர்த்துக்கொண்டது. இருபத்திரண்டு வயதில் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்துக்குத் தலைவனாக இருந்தவர்கள், போர் முடிந்ததும் வேலை தேடி வந்தனர்.

அவர்களுக்கென்றே வாய்த்ததுபோல் அமைந்தது 1945-க்குப் பின் தோன்றிய உள்ளூர்ச் சேவை நிறுவனங்களின் எழுச்சி. சிற்றூர்களையும் விமானத்தால் இணைக்க வேண்டுமென்று அரசாங்கம் உதவித் தொகை கொடுத்து உரிமம் வழங்கியது. பீட்மாண்ட் 1948-இலும் சதர்ன் 1949-இலும் ஓசார்க் 1950-இலும் பறக்கத் தொடங்கின. மலைப்பள்ளத்தாக்குகளில் தரையிறங்காமலே, கம்பத்தில் தொங்கும் அஞ்சல் பையைக் கொக்கியால் பறித்துச் செல்லும் வேடிக்கையான தொழிலைச் செய்துவந்த ஒரு நிறுவனமும் 1949-இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிப் பின்னர் அலெகெனி என்று பெயர் மாற்றிக்கொண்டது. இவை யாவற்றுக்கும் விமானம் படை கழித்த டி.சி.-3; விமானியும் பெரும்பாலும் படை விட்டு வந்தவரே. அவர் வயது இருபதுகளின் நடுவில் இருந்தது.

இங்கே ஒரு கணக்கைக் கவனித்துக்கொள்வது நன்று. 1920 முதல் 1924 வரை பிறந்தவர்கள் ஒரே சமயத்தில் கூட்டமாக உள்ளே நுழைந்துவிட்டனர். கூட்டமாக நுழைந்தவர்கள் கூட்டமாகவே வெளியேறியாக வேண்டும். எப்போது என்பதை வேறொரு விதி முடிவு செய்தது.

அறுபது என்னும் மதில்

விமானி அறுபது வயதில் ஓய்வுபெற வேண்டும் என்ற விதி மருத்துவ ஆராய்ச்சியின் பயனாகப் பிறந்தது என்று பலர் எண்ணுவர். வரலாறு அவ்வளவு தெளிவாக இல்லை. 1959-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் ஸி. ஆர். ஸ்மித், புதிதாக அமைந்த கூட்டரசு விமான இலாகாவின் தலைவர் எல்வுட் கெசாடாவுக்குக் கடிதம் எழுதி, அறுபதை ஓய்வு வயதாக நிர்ணயிக்கக் கேட்டுக்கொண்டார். ஜெட் விமானங்கள் அப்போதுதான் வந்திருந்தன. அவற்றை மூத்த விமானிகளுக்குக் கற்பிக்கும் செலவு பெரிதாக இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் விதி வெளியாகி 1960 மார்ச் 15 முதல் நடப்புக்கு வந்தது. கெசாடா பதவி விலகியபின் அதே நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம்பெற்றார். இதிலிருந்து வாசகர்கள் தாமே ஒரு முடிவுக்கு வரலாம்.

ஒருபுறம் மதில் எழுந்ததும் மறுபுறம் வாசலும் குறுகியது. அறுபதில் போக வேண்டியவரை நாற்பத்தைந்தில் எடுத்துப் பயிற்சி கொடுப்பானேன் என்று பெரிய நிறுவனங்கள் எண்ணின. யுனைடெட் 35 வயதைக் கடந்தவரை எடுப்பதில்லை. அமெரிக்கன் 40-ஐக் கடந்தவரை எடுப்பதில்லை. நாற்பது வயதுக்கு மேற்பட்டோரை வயது காரணமாக ஒதுக்கலாகாது என்று 1967-இல் சட்டம் வந்தபின் இரண்டும் நீதிமன்றம் சென்றன. இரண்டு வழக்குகளிலும் 1981-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. வியப்பு என்னவெனில் தீர்ப்புகள் நேர் எதிரானவை. யுனைடெட் செய்தது சட்டவிரோதம் என்றது ஒரு நீதிமன்றம். அமெரிக்கன் செய்தது பாதுகாப்பு கருதியது, செல்லும் என்றது மற்றொன்று. கீழ்நிலையில் சேர்ந்தவர் தலைமை விமானியாக உயர நெடுங்காலம் ஆகும். நாற்பதுக்கு மேல் சேர்பவர் தலைமை இருக்கையில் போதிய அனுபவம் பெறுமுன்னே ஓய்வு வயது வந்துவிடும் என்பது அங்கே எடுத்துரைக்கப்பட்ட வாதம். மூப்புப் பட்டியல் என்ற மனிதர் செய்த ஏற்பாட்டை இயற்கையின் விதிபோல் எடுத்துக்கொண்ட வாதம் இது.

சிறு நிறுவனங்களின் நிலை வேறு. 1952 முதல் 12,500 இறாத்தலுக்கு உட்பட்ட சிறு விமானங்களுக்குக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு இருந்தது. உள்ளூர்ச் சேவை நிறுவனங்கள் ஜெட் வாங்கிப் பெரியவையாகிச் சிற்றூர்களைக் கைவிட்டபோது, ட்வின் ஆட்டர், பீச் 99 போன்ற சிறு விமானங்களோடு புதியவர்கள் அவ்விடத்தை நிரப்பினர். அவர்கள் வயது பார்க்கவில்லை. குறைந்த ஊதியத்துக்கு யார் வந்தாலும் சரி என்றிருந்தனர். வந்தவர்கள் பெரும்பாலும் மணிக்கணக்கு சேர்த்துக்கொண்டு பெரிய நிறுவனத்துக்குத் தாவ எண்ணிய இளைஞர்.

1978-இல் கட்டண, வழித்தடக் கட்டுப்பாடுகள் நீங்கின. விமானப் போக்குவரத்து பெருகிய அதே காலத்தில், முன்பு குறித்த 1920–24 பிறப்பினர் அறுபதை எட்டினர். பெரிய நிறுவனங்கள் 1980-களின் நடுவிலும் இறுதியிலும் வட்டார நிறுவனங்களிலிருந்து ஆட்களை வாரி எடுத்தன. கீழே காலியான இருக்கைகளில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதினர் வந்து அமர்ந்தனர். ஏரியின் கடைமடை திறந்தால் தலைமடையிலும் நீர் ஓடும் அல்லவா?

அது நிலைக்கவில்லை. 1991-இல் ஈஸ்டர்ன், பான் அமெரிக்கன் என்னும் இரு பெருநிறுவனங்கள் மூடப்பட்டன. நாற்பது, ஐம்பது வயதுத் தலைமை விமானிகள் வீதிக்கு வந்தனர். அவர்களிற் சிலர் தம் பிள்ளைகள் வயதினரோடு வட்டார நிறுவனப் பயிற்சி வகுப்புகளில் அமர்ந்தனர். வேலை கேட்டு வருவோர் தம் பயிற்சிச் செலவைத் தாமே கட்ட வேண்டும் என்று சில நிறுவனங்கள் கேட்டது இந்தக் காலத்தில்தான். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகும் இதே காட்சி திரும்பியது.

1959-இல் எழுந்த மதில் 2007 டிசம்பர் 13-ஆம் நாள் அறுபத்தைந்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. மூத்தோருக்கு நன்மை, ஆனால் ஐந்தாண்டுக் காலம் வயது வரம்பால் ஓய்வுபெறுவோர் ஏறத்தாழ எவருமில்லை என்றாயிற்று. அடுத்த ஆண்டே பொருளாதாரமும் சரிந்தது. அதற்குச் சற்று முன்வரை 250, 300 மணி நேரம் மட்டுமே பறந்தவர்களைக்கூட எடுத்துக்கொண்டிருந்த வட்டார நிறுவனங்கள் வாசலை அடைத்தன. உள்ளே இருந்த துணை விமானிகள் இருந்த இடத்திலேயே முதிர்ந்தனர்.

பஃபலோ விபத்து

2009 பிப்ரவரி 12 இரவு, நூவர்க்கிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற கோல்கன் நிறுவன விமானம் தரையிறங்கு முன் வேகம் குறைந்து நிலைகுலைந்து ஒரு வீட்டின்மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். வேகக் குறைவை எச்சரிக்கும் கருவி அதிர்ந்தபோது தலைமை விமானி மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாகப் பிடியைப் பின்னால் இழுத்ததே காரணம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது.

இவ்விபத்தில் வயதைப் பற்றிய நம்முடைய எளிய எண்ணங்கள் யாவும் தலைகீழாகிவிடுகின்றன. தலைமை விமானிக்கு வயது 47. துணை விமானிக்கு 24. மூத்தவர் நாற்பதைத் தாண்டிய பின்னரே 2005-இல் கோல்கன் நிறுவனத்துக்கு வந்தவர்; சேர்ந்தபோது அவர் பறந்திருந்தது ஏறத்தாழ 600 மணி நேரம். இளையவரோ 2008-இல் சேரும்போதே 1,400 மணி நேரத்துக்கு மேல் பறந்திருந்த பயிற்சி ஆசிரியை. வாரியத்தின் விசாரணையில் மக்கள் மனத்தைச் சுட்டது வேறொரு செய்தி. துணை விமானியின் ஆண்டு ஊதியம் ஏறத்தாழ 16,000 அமெரிக்க வெள்ளி என்று அங்கே பேசப்பட்டது. நிறுவனம் அதைவிடக் கூடுதல் என்றது. எப்படியாயினும் நூவர்க்கில் குடியிருக்கப் போதாத சம்பளம். அவர் சியாட்டில் அருகே பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு, இரவெல்லாம் சரக்கு விமானங்களில் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வந்து வேலைக்கு நின்றவர்.

மாண்டோரின் குடும்பத்தினர் வாஷிங்டனுக்கு மீண்டும் மீண்டும் சென்று உறுப்பினர்களின் கதவைத் தட்டினர். 2010-இல் சட்டம் நிறைவேறியது. 2013 ஜூலையில் விதி நடப்புக்கு வந்தது. துணை விமானியும் போக்குவரத்து விமானி உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதற்கு வயது 23, பறந்த நேரம் 1,500 மணி. விமானத்துறைப் பட்டம் பெற்றவருக்கு 1,000, படையில் பயின்றவருக்கு 750 என்று சலுகை உண்டு. அவர்கள் 21 வயதிலேயே சேரலாம். அதுவரை 250 மணி நேரமும் வணிக விமானி உரிமமும் போதுமாயிருந்தன. அவ்வுரிமத்துக்கு 18 வயது நிறைந்தால் போதும். 1,500 என்ற எண்ணைப் பாதுகாப்பு வாரியம் கேட்கவில்லை என்பதும், வீழ்ந்த விமானத்தின் இருவருமே விபத்து நாளில் 1,500 மணியைத் தாண்டியிருந்தனர் என்பதும் இவ்விதியை எதிர்ப்போர் இன்றும் எடுத்துக்காட்டும் உண்மைகள். குறைந்த அனுபவத்தோடு உள்ளே நுழைவது குறைந்த ஊதியத்துக்கு ஆள் கிடைப்பதால்தான், அந்தக் கதவை அடைத்தால் ஊதியம் தானே உயரும் என்பது ஆதரிப்போர் வாதம். ஊதியத்தைப் பொறுத்தவரை ஆதரிப்போர் சொன்னதே பலித்தது எனல் வேண்டும்.

இன்றைய கணக்கு

இன்று ஓர் இளைஞர் செல்லும் வழி இது: கல்லூரியிலோ பறக்கும் பள்ளியிலோ ஏறத்தாழ ஒரு லட்சம் அமெரிக்க வெள்ளி செலவிட்டு இருபது, இருபத்தொரு வயதில் வணிக உரிமம். பிறகு பிறருக்குக் கற்பித்தபடி மணிக்கணக்கைச் சேர்க்க ஒன்றரை, இரண்டு ஆண்டு. கணக்குப்படி இருபத்துமூன்றிலிருந்து இருபத்தைந்துக்குள் வட்டார நிறுவனத்தின் வாசலை அடையலாம். கடன் கிடைக்காதவருக்கும் வேலை பார்த்துக்கொண்டே கற்பவருக்கும் இது முப்பதைத் தொடும். படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர்களைச் சில நிறுவனங்கள் தம் செலவிலேயே விமானத்துக்கு மாற்றி எடுத்துக்கொண்டன. அவர்கள் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் உள்ளவர்கள். காவல் துறை, பொறியியல், ஏன், பள்ளிக்கூடம் ஆகியவற்றை விட்டு நாற்பத்தைந்தில் வருவோரும் உண்டு. பெரிய நிறுவனத்தின் தலைமை இருக்கை தமக்குக் கிட்டாது போகலாம் என்று தெரிந்தே வருகிறார்கள்.

ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வழி வேறு. நிறுவனங்களே மாணவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றி, இருநூறு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பறப்போடு இருபதுகளின் தொடக்கத்திலேயே பெரிய ஜெட் விமானத்தின் துணை இருக்கையில் அமர்த்துகின்றன. சிங்கப்பூர், மலேசிய நிறுவனங்களும் இவ்வழியைக் கையாண்டவையே. பஃபலோவில் தேடிய பாதுகாப்பை இவர்கள் மணிக்கணக்கில் தேடாமல் பயிற்சி முறையில் தேடுகிறார்கள். கற்பித்தல் தொழிலை அறிந்தவர்கள் இவ்விரண்டில் எதன் பக்கம் சாய்வார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் மணிக்கணக்கு வைத்த பின்னர் அமெரிக்க வட்டார நிறுவனங்களின் பாதுகாப்பு வியக்கத்தக்க அளவு உயர்ந்தது என்பதையும் மறைக்கலாகாது.

1980-களின் இறுதியில் இருபத்தைந்து, முப்பது வயதில் சேர்ந்த கூட்டத்தைச் சற்று நினைவுகூர்க. அவர்கள் அறுபத்தைந்தை எட்டுவது 2020-களில். கணக்கு முன்னமே தெரிந்ததுதான். ஆனால் ரப்பர்க் கன்று நட்டு ஆறேழாண்டு கழித்தே பால் காண்பதுபோல, விமானியை உருவாக்கவும் காலம் பிடிக்கும். பால் வேண்டும் நாளில் கன்று நடுவதே நிறுவனங்களின் வழக்கம். 2020-இல் கொள்ளை நோய் வந்தபோது பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்து மூத்தோரை முன்கூட்டியே அனுப்பிவைத்தன. 2022-இல் பயணிகள் திரும்பியபோது ஆளில்லை. அமெரிக்கன் நிறுவனத்துக்குச் சொந்தமான மூன்று வட்டார நிறுவனங்களும் அவ்வாண்டு முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 அமெரிக்க வெள்ளி என்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் அதில் கால்பங்கைக் கண்டதே அரிது. அதே ஆண்டு 750 மணி நேரத்தோடு ஆள் எடுக்க அனுமதி கேட்ட ரிப்பப்ளிக் நிறுவனத்தின் மனுவை விமான இலாகா தள்ளியது. தலைமை விமானிகள் மேலே பறந்துபோய்விட்டதால் இருபத்தாறு, இருபத்தேழு வயதினரும் தலைமை இருக்கைக்கு உயர்ந்தனர். 2024-க்குள் பெரிய நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொள்ள, வட்டார வாசலில் மறுபடியும் வரிசை நீண்டது.

ஓய்வு வயதை அறுபத்தேழாக உயர்த்தும் யோசனையை அமெரிக்கக் கீழவை 2023-இல் ஏற்றது; 2024 மே மாதத்தில் நிறைவேறிய இறுதிச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. வட்டார நிறுவனங்கள் ஆதரித்தன. பெரிய விமானிகள் சங்கம் எதிர்த்தது.

ஒரே நாளில் ஒரே பயிற்சி வகுப்பில் சேர்வோருக்குள் மூப்பு எண்ணை எவ்வாறு பிரிப்பது என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு முறை வைத்திருக்கிறது. பல நிறுவனங்களில் அது பிறந்த தேதி. வகுப்பில் வயதில் மூத்தவருக்கு முதல் எண். இருபத்துமூன்று வயதுப் பிள்ளைக்குக் கடைசி எண். ஐம்பத்தைந்து வயதில் வந்தவர் பத்தாண்டு கழித்துப் போகும்போது, அவருக்குக் கீழே இருந்த எண்கள் யாவும் ஒவ்வொரு படி மேலேறுகின்றன.